நாற்பது விநாடிக்கு ஒரு காலர்

பள்ளியில் கொடுத்த கணினி வீட்டுக்கு வந்த அன்று அதை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. மொத்தமே ஒன்றரை அறை. சமையல் மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் ஆவி படும். ஜன்னலோரம் வைத்தால் சாரல் அடிக்கும். கட்டிலில் வைத்தால் யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது என்று சொல்ல வீட்டில் இருந்ததோ அம்மாவும் மகளும்தான். அப்பா லாரியோடு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார்கள் என்றே அம்மாவுக்குத் தோன்றியது. கடைசியில் தையல் மெஷினின் பலகையிலேயே, வலது கைப்பக்கம், துணிக்கட்டு வைக்கும் இடத்தைக் காலி செய்து அங்கே வைத்தாள்.

"மெஷினுக்குப் பக்கத்துல மெஷின். ரெண்டும் பேசிக்கட்டும்."

மகள் சிரிக்கவில்லை. அம்மா போய் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தை ஏற்றிய பிறகு பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் அப்படித்தான். எதுவும் அவளுக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். கணக்குப் போடும்போதும் அதே கதைதான். கணக்கைப் படித்துவிட்டுக் கூரையைப் பார்ப்பாள். பென்சில் அதுபாட்டுக்குக் கிடக்கும். இரண்டு நிமிடம் போகும், சில நேரம் அதற்கு மேலும் போகும். பார்க்கிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள் என்பார்கள். பிறகு பென்சிலை எடுத்து இரண்டே வரியில் முடித்துவிடுவாள்.

"உன் ஊமைக்கோட்டான் எப்படிக்கா இருக்கா?" என்று தொழிற்சாலையில் காஜாக்காரி தினமும் கேட்பாள். அம்மா சட்டைக் காலர் தைப்பவள். நான்கு மெஷின் தள்ளி உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா போடுகிறவள் இவள். வாய் ஓயாது.

"அவ பேசாம இருந்தே பன்னெண்டு பேர்ல ஒருத்தியா வந்துட்டா. நீ பேசிப் பேசி என்னத்தக் கண்ட?"

"நான் பேசலைன்னா இந்த லைன்ல பாதிப் பேரு தூங்கி விழுந்து விரல்ல ஊசி ஏத்திக்குவீங்க."

பன்னிரண்டு பேர் என்பது பள்ளியின் மாலை வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, திங்கள் முதல் வியாழன் வரை ஐந்திலிருந்து ஏழு மணிவரை கணக்கு டீச்சர் கரும்பலகையில் நடத்தும் வகுப்பு. வருடக் கடைசியில் அதிலிருந்து ஆறு பேர் கொண்ட பட்டியல் போகும். பட்டியலில் இருப்பவர்கள் பெரிய நகரத்து விடுதிப் பள்ளியில் சேரலாம். படிப்பு, சாப்பாடு, தங்குவது எல்லாம் அங்கேயே. அந்தத் தெருவிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. அம்மா அந்தப் பட்டியலைப் பற்றி வெளியில் பேசவே மாட்டாள். வாயைத் திறந்தால் கண்பட்டுவிடும் என்பதுபோல உள்ளேயே வைத்திருந்தாள்.

கணினி வந்த மூன்றாவது வாரம் அவளுடைய போனுக்குப் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'உங்கள் பிள்ளையின் கணினி இந்த வாரம் மூன்று மணி நேரம் மட்டுமே இயங்கியுள்ளது. வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறைவாக இயங்கும் கணினிகள் மறுபரிசீலனைக்கு உட்படும்.'

அம்மா அதை நின்றுகொண்டே மூன்று முறை படித்தாள். மறுபரிசீலனை என்ற சொல் மற்றவர்களுக்கு எப்படியோ, அவளுக்கு அது நாலு ஆணித் துளை.

தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினின் தலையிலும் ஒரு சிறு விளக்கு உண்டு. ஊசி ஓடினால் பச்சை. நின்றால் மஞ்சள். கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். திட்ட மாட்டார். பக்கத்தில் நின்று விளக்கைப் பார்ப்பார், அவ்வளவுதான். போன வருடம் இவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சட்டைக் கை தைக்கும் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை. அடிக்கடி எழுந்து போனாள். மூன்று நாள் மஞ்சள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவளும் இல்லை, அவளுடைய மெஷினும் இல்லை. தரையில் மெஷினை முடுக்கியிருந்த நாலு ஆணித் துளை மட்டும் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. காஜாக்காரிகூட அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை.

பள்ளிக் கணினியின் விளிம்பிலும் ஒரு விளக்கு இருந்தது. தொட்டால் பச்சை. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் மஞ்சள்.

மகளுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலரைக்கு வருவாள், கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு விடைகளை மட்டும் மளமளவென்று தட்டுவாள், ஐந்து மணி வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு கணினி சும்மா கிடக்கும். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த காலர்க் கட்டைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் அந்த மஞ்சள் விளக்கு அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் நிற்பதுபோல.

"இன்னும் கொஞ்ச நேரம் அதுல உட்காரக் கூடாதா கண்ணு?"

"முடிச்சுட்டேனேம்மா."

"முடிச்சாலும் ஓடிக்கிட்டே இருக்கணுமாம்."

மகள் கூரையைப் பார்த்தாள். பதில் வருவதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை மாலை அம்மா அந்தக் காரியத்தைத் தொடங்கினாள். திரையில் 'கூடுதல் பயிற்சி' என்று ஒரு பச்சைக் கட்டம். தொட்டால் ஒரு கணக்கு வந்தது. கணக்கின் கீழே 'அடுத்தது' என்று இன்னொரு கட்டம். விடை எழுத வேண்டிய இடத்தை அவள் தொடவே இல்லை. அதில் மிகவும் கவனமாக இருந்தாள். தப்பாக எழுதினால்தானே தப்பு. எழுதாமல் விட்டால் எப்படித் தப்பாகும்? தைக்காத பீஸை எந்த ஊரிலும் ரிஜெக்ட் என்று ஒதுக்க மாட்டார்கள். ஒரு காலர் தைத்தாள், நூலை அறுத்தாள், வலது கையை நீட்டி 'அடுத்தது' என்பதைத் தொட்டாள். பச்சை. இன்னொரு காலர். இன்னொரு தொடல். அந்த வாரம் வந்த செய்தியில் பதினோரு மணி நேரம் என்று இருந்தது. கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.

அந்த முகத்தைக் கண்டு அவளும் சிரித்தாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

முதலில் வந்தது ஒரு சின்னச் சொல்தான். இரண்டு வாரம் கழித்து, மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, எனக்குச் சின்னப் பிள்ளைங்க கணக்கா வருது."

"நல்லதுதானே? சுருக்க முடிச்சுடலாம்."

அடுத்த வாரம் கூட்டலும் கழித்தலும் வந்தன. அதற்கடுத்த வாரம் படத்தில் எத்தனை பந்துகள் என்று எண்ணச் சொன்னது. மகள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்துகளை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

"டீச்சர்கிட்ட கேக்கலாமே," என்றாள் அம்மா.

"கேட்டேன். அதுக்கு எல்லாம் தெரியுமாம். நம்மள அளந்து பாத்துத்தான் குடுக்குமாம்." பிறகு தணிந்த குரலில், "அம்மா, மூளை குறையுமா?" என்றாள்.

"என்னடி பேச்சு இது?"

"இல்ல. எல்லாருக்கும் ஏறுது. எனக்கு மட்டும் இறங்குது. அது பொய் சொல்லாதாமே."

அன்றிலிருந்து மகள் கூரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கணக்கு வந்தவுடன் பென்சிலை எடுத்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். தாளிலும் தப்பு வரத் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உதடு அசைய ஏதோ கூட்டிக்கொண்டிருப்பாள். ஏழும் எட்டும் எவ்வளவு என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்வதுபோல.

பிள்ளைக்கு எங்கேயோ கோளாறு என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. தெரியாத பயத்துக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: மெஷின் நிற்கக் கூடாது. மாலையில் முன்னைவிட ஒழுங்காகத் தொட்டாள். ஒரு காலரைக்கூடத் தவறவிடவில்லை.

அவள் தட்டத் தொடங்கிய ஆறாவது வாரக் கடைசியில் கணக்கு டீச்சர் போனில் கூப்பிட்டார். கணினியையும் எடுத்துக்கொண்டு, மகளோடு, காலை பத்து மணிக்கு வர வேண்டும்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் எது என்று தெரியாமலே அம்மா அதைச் சுமந்துகொண்டு போனாள். பேருந்தில் கணினிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணாடியில் தெரிந்த அவளுடைய முகம் வயதானவர் முகம்போல இருந்தது.

கணக்கு டீச்சரின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரோரம் ஒரு மர பெஞ்சு. டீச்சர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுவார். மேசையில் ஒரு தாளை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு கோடுகள். ஒன்று ஏறியது. ஒன்று இறங்கியது.

"இந்தப் பள்ளிக்கூடத்துல முந்நூறு கம்ப்யூட்டர் குடுத்திருக்கோம்மா. குடுத்ததால பிள்ளைங்க முன்னேறினாங்களா இல்லையான்னு மேலிடத்துல கேக்குறாங்க. அந்த ரிப்போர்ட்ட நான்தான் எழுதணும். பல வீட்டுல கொஞ்சம் ஏறியிருக்கு. சில வீட்டுல ஒண்ணுமே ஆகல, வாங்கின மாதிரியே இருக்கு. உங்க வீட்டுல மட்டும் இப்படி. கம்ப்யூட்டர் ஓடின நேரம் ஏற ஏற இவ படி இறங்குது. எட்டாவது படியில இருந்தவ ரெண்டாவது படிக்கு வந்துட்டா."

அம்மா இறங்கும் கோட்டைப் பார்த்தாள்.

"என்னன்னு உள்ள போய்ப் பார்த்தேன். ஆறு வாரத்துல கூடுதல் பயிற்சியில நாலாயிரத்துச் சொச்சம் கணக்கு, ஒண்ணுக்கும் விடை இல்ல. விடை எழுதாம தாண்டிப் போனா அது தெரியலன்னு எடுத்துக்கும். தெரியாதவங்களுக்கு அதைவிடச் சுலபமானதைக் குடுக்கும். அதுவும் தெரியலன்னா இன்னும் கீழ."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் காதில் அது நின்றுபோனது.

"இது எல்லாம் எப்ப நடந்திருக்கு தெரியுமா? அஞ்சுலேருந்து ஏழு. அந்த நேரத்துல இவ என் கண்ணு முன்னாடி வகுப்புல உட்கார்ந்திருக்கா." டீச்சர் மகளைப் பார்த்தார். "நாப்பது செகண்டுக்கு ஒரு தடவை. கடிகாரம் மாதிரி. மனுஷங்க இப்படித் தட்ட மாட்டாங்க. மணிக்கணக்கு காட்டறதுக்காக ஏதோ தானா தட்டுற ப்ரோக்ராம் போட்டிருக்க. அப்படித்தானே? இதுக்குப் பேரு என்ன தெரியுமா? ஏமாத்து. பட்டியல் இன்னைக்குப் போகணும். ஏழாவது படிக்குக் கீழ இருந்தா பேர் போகாது. ஏமாத்துன்னு நான் எழுதினா அடுத்த வருஷமும் போகாது."

மகள் கூரையைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு பார்க்கிறாள். அம்மாவுக்கு அவள் எதைக் கணக்கிடுகிறாள் என்று தெரிந்தது. நாற்பது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் தூங்கியிருக்கிறாள். ஊசி ஓடும், நிற்கும், நூல் அறும், மறுபடி ஓடும். கூரையிலிருந்து இறங்கிய பார்வை நேராக அம்மாவின் வலது கையில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு மகள் டீச்சரைப் பார்த்து, "நான்தான் டீச்சர் போட்டேன்," என்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள். கணினி வாங்கிய அன்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது: மாணவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் கணினி திரும்பப் பெறப்படும். பேசினால் கணினி போகும். அதோடு போனால் பரவாயில்லை. சேர்த்துப் பிள்ளையின் பெயரையும் அடித்துவிட்டால்? பேசாமல் இருந்தால் பிள்ளை ஏமாற்றுக்காரி. பேசுவதா, வேண்டாமா? தவளை தன் வாயால் கெடும் என்று காஜாக்காரியைக் கேலி செய்திருக்கிறாள். தன் வாய் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்ததில்லை. டீச்சர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"பொய் சொல்றா டீச்சர்," என்றாள் அம்மா. "நான்தான் தட்டினேன்."

"நீங்களா?"

"காலர் தைக்கிறவ நான். ஒரு காலருக்கு ஒரு தட்டு. மெஷின் சும்மா நின்னா எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு..."

"பிள்ளையக் காப்பாத்த எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க," என்றார் டீச்சர். கடுமையாகச் சொல்லவில்லை; சலிப்போடு சொன்னார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த துடைக்கும் துணியை எடுத்துத் தன் முன்னால் விரித்தாள். வலது காலைத் தரையில் ஊன்றினாள். இல்லாத மெஷினை மிதித்தாள். துணியின் விளிம்பு விரல்களுக்கு நடுவே நகர்ந்தது, முனையில் திரும்பியது, மறுபடி நகர்ந்தது. நூலை அறுப்பதுபோல ஒரு இழுப்பு. வலது கை நீண்டு காற்றில் ஒரு புள்ளியைத் தொட்டது. மறுபடி கால். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை கை நீண்டபோது கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"அதோட," என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல், "முப்பது தட்டுக்கு ஒரு தடவை ஒண்ணரை நிமிஷம் நின்னிருக்கும். பாருங்க."

டீச்சர் தாள்களைப் புரட்டினார். ஒரு விரலை வைத்து எண்ணினார். இன்னொரு தாள். அதிலும் எண்ணினார்.

"ஆமா. நிக்குது. ஏன்?"

"பாபின்ல நூல் தீர்ந்துடும் டீச்சர். மாத்தணும்."

வெளியே வராந்தாவில் ஒரு வகுப்பு முழுவதும் நடந்து போனது, செருப்புச் சத்தம் தேய்ந்தது. மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் டீச்சரைவிடப் பயமாக இருந்தது.

"ஏமாத்துன்னு எழுத மாட்டேன்," என்றார் டீச்சர் கடைசியில். "ஆனா படிய என்னால மாத்த முடியாது. அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. அதுலயே ஒரு தேர்வு இருக்கு, எழுதி ஏறித்தான் வரணும். ஒரு படிக்கு நாலு கணக்கு. ரெண்டுலேருந்து ஏழுக்கு இருபது. தேர்வுல ஒண்ணு தப்பினாலும் ஒரு படி கீழ. பன்னெண்டு மணிக்கு நான் பட்டியல மூடணும். இப்பவே உட்காரு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒரு கணக்குக்கு மூணு நிமிஷம். அதுக்குள்ள கை படலன்னா தெரியலன்னு எடுத்துக்கும்."

மூன்று நிமிடம் என்றால் நாலரைக் காலர் என்று அம்மாவின் உள்ளே ஏதோ கணக்குப் போட்டது.

மகள் மேசையில் உட்கார்ந்தாள். அம்மாவைச் சுவரோர பெஞ்சுக்கு அனுப்பினார்கள். பெஞ்சிலிருந்து திரையின் ஒரு பக்கமும் விளிம்பு விளக்கும் தெரிந்தன. முதலில் சின்னக் கணக்குகள், பச்சை, பச்சை. மூன்று. நான்கு. ஐந்தாவது படியில் மகளின் பென்சில் அவசரப்பட்டது, எழுதினாள், அடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பென்சிலைக் கீழே வைத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். கூரையைப் பார்த்தாள். விளக்கு மஞ்சளாகும் நேரத்தில் எழுதி முடித்தாள். ஐந்து போய் ஆறு வந்தது. மணி பதினொன்று ஐம்பது.

ஆறாவது படியில் மூன்று கணக்கு முடிந்தது. இருபதாவது கணக்கு வந்தது.

மகள் அதைப் படித்தாள். பென்சிலை வைத்தாள். மேலே பார்த்தாள்.

ஒரு காலர். இரண்டு காலர். மூன்று. விளக்கு மஞ்சளாக மாறியது.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்தது. திரை மூன்றடி தூரத்தில் இருந்தது. ஒரு தொடல் போதும், பச்சையாகிவிடும். அந்தக் கைக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவள் அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அது உள்ளே துடித்தது. தரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தால் அங்கே துளைகள் இருக்கும். யோசிக்கிறாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிற்கவில்லை. யோசிக்கிறாள். நாலாவது காலர் முடிந்தது. இன்னும் அரைக் காலர்தான்.

மகள் பென்சிலை எடுத்தாள். இரண்டு வரி. விசையைத் தட்டினாள்.

பச்சை. திரையில் ஏழு என்று வந்தது.

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பி, அடக்கியிருந்த மூச்சை விட்டு, "அப்பாடி," என்றார். பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். மகள் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு பின்னால் திரும்பி, பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தாள். இம்முறை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, நீ எதையும் தொடலையே?"

அம்மா கையை வெளியே எடுத்தாள். மரத்துப்போயிருந்தது. பெஞ்சுச் சட்டத்தின் விளிம்பு உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாகப் பதிந்திருந்தது. அதை மகள் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.